தண்ணீரிலிருந்து ஐந்தாம் வீடு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் இடுப்பு எலும்பு கூடிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய் வருகிறாள். வாய்க்கு மட்டும் எந்தக் காலத்திலும் எலும்பு முறியவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? பட்டறையில் படகுக்குத் தார் காய்ச்சும் புகையில் வந்த இருமல் நின்றதா?

விஷயத்துக்கு வருகிறேன். ஆற்றுப் பராமரிப்பு அலுவலகம் உனக்கு அனுப்பிய பதிலைப் படித்தேன். கரைக்குக் கல்சுவர் கட்ட வேண்டுமென்றால் அது ஏதாவது ஓர் ஊரின் கரையாக இருக்க வேண்டுமாம். நாம் எந்த ஊரிலும் சேர்த்தி இல்லையாம். இந்தக் கரை நகராட்சியைக் கேட்டால் அந்தக் கரையைக் காட்டுகிறது, அந்தக் கரையைக் கேட்டால் இந்தக் கரையைக் காட்டுகிறது. வரைபடத்தில் நம் பன்னிரண்டு வீடுகளும் இருக்கும் இடத்தில் நீல நிறம் பூசியிருக்கிறது. நாம் பிறந்து வளர்ந்ததெல்லாம் தண்ணீருக்குள் என்று இப்போதுதான் தெரிந்தது. அதை வரைந்த புண்ணியவானை ஒரு நாள் நம் கூடத்தில் படுக்கவைத்து முதுகு நனைகிறதா என்று கேட்க வேண்டும்.

அவர்களே ஒரு வழியும் சொல்லியிருக்கிறார்கள். குடியிருப்பின் வரலாற்றை அச்சிட்டு, பழைய குடும்பங்கள் எல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பரிசீலிப்பார்களாம். அச்சகத்தில் உட்கார்ந்து ஊரார் எழுதும் பிழைகளைத் திருத்துவதுதானே என் பிழைப்பு. மிச்சக் காகிதத்தில் அடித்துக்கொள்ள முதலாளி சம்மதித்துவிட்டார். நீ அந்தப் பழைய ஆறு குடும்பத்தாரையும் உட்காரவைத்து, யார் முதலில் வந்தது, எப்படி வந்தது என்று கேட்டு எழுதி அனுப்பு. வீட்டு எண்ணைச் சரியாகப் போடு. தண்ணீருக்குப் பக்கத்தில் இருப்பது முதல் வீடு, அங்கிருந்து மேலே எண்ணிக்கொண்டு போக வேண்டும் என்பதை முன்னுரையில் நான் விளக்கிவிடுகிறேன்.

"அஞ்சாம் வீட்டுக்கு எப்பக் கூட்டிட்டுப் போறே?" என்று அம்மா காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கேட்கிறாள். புதுப் பாலத்தின் தூண்கள் வந்தபின் ஓட்டம் நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்று நீயே எழுதியிருந்தாய். சுவர் இல்லாமல் அவளை அங்கே விட எனக்குத் தைரியமில்லை. மழைக்குள் சுவர் வந்தால் அவள் தன் வீட்டுக்குப் போவாள். வராவிட்டால் இந்த மாடி அறையில் கிடந்து வாடுவாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் கடிதங்களைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்கிறாள். அவளுக்கு அதிர்ச்சி ஆகாது என்கிறார் டாக்டர். பார்த்து எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் சுகம். இருமல் இருக்கிறது, அதுவும் சுகம். அம்மா நடப்பது கேட்டுச் சந்தோஷம். அவசரப்பட்டு மாடிப்படி இறங்க வேண்டாம் என்று சொல்.

நீ சொன்னபடி ஆறு குடும்பத்தையும் கேட்டேன். இனி ஜென்மத்துக்கும் என்னை இந்த வேலைக்கு அனுப்பாதே. மேஸ்திரி சொன்னது: "எங்க தாத்தா கட்டைத் தெப்பத்துக்கு மேஸ்திரி. வெள்ளத்துல தெப்பம் மணல்ல சொருகிடுச்சு. அந்தக் கட்டையிலயே வீடு கட்டுனாரு. முதல் வீடு எங்களோடது." இதை எழுதி முடிப்பதற்குள் வாய் ஓயாத நம் ரேடியோ அக்கா வந்துவிட்டாள். "நாலாம் வீட்டுத் தம்பி, அதை அடிச்சிட்டு இதை எழுதிக்கோ. அந்தத் தெப்பத்துல சோறு பொங்கினது எங்க தாத்தா. முதல் வீட்டுல இருந்தது நாங்கதான். அவங்க தாத்தா எங்க வாசல்லதான் தட்டோட நிப்பாரு."

பம்ப் ஆபரேட்டர் வேறு கதை சொல்கிறான். அவன் தாத்தா கட்டைக் களவைப் பிடிக்க வந்த காவல்காரராம். பிடிக்க வந்தவர் பெண் எடுத்துக்கொண்டு தங்கிவிட்டாராம். அவர்களும் முதல் வீடு. வலைக்காரரும் முதல் வீடு. தையல்காரரும் முதல் வீடு. நாமும் முதல் வீட்டில் இருந்தோம் என்று அப்பா சொல்வது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அதையும் எழுதியிருக்கிறேன். எல்லாம் தனித்தாளில் இருக்கிறது.

வலைக்காரர் குடும்பம் கொஞ்ச நாளாகப் பம்ப் அறையில் இருக்கிறது. வீட்டில் ஏதோ வேலை. மற்றபடி விசேஷம் இல்லை. பட்டறையில் இரண்டு படகுகள் கவிழ்த்துப் போட்டுக் கிடக்கின்றன. அம்மாவின் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன்.

உன் தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் சுகமாக இருக்கிறோம். உன் தாளைப் படிக்கும்வரை நான் இன்னும் சுகமாக இருந்தேன்.

ஆறு குடும்பமும் முதல் வீட்டிலா இருந்தது? அது வீடா, பேருந்தா? இதை இப்படியே அச்சடித்துக் கொடுத்தால் அந்த அலுவலகத்தில் டீ குடிக்கும்போது படித்துச் சிரிப்பார்கள். எதிர்க்கேள்வி ஒன்றாவது கேட்டாயா? அவரவர் சொன்னதைத் தலையாட்டிக்கொண்டு எழுதியிருக்கிறாய். ரேடியோ உன்னை நாலாம் வீட்டுத் தம்பி என்கிறாள், அதையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறாய். நாம் ஐந்தாம் வீடு என்பதுகூடவா மறந்துபோனது? பள்ளிக்கூடத்தில் என் பெயருக்கு முன்னால் ஐந்தாம் வீடு என்று சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். அந்த இடத்தைத் திருத்திவிட்டேன்.

மறுபடி எல்லாரையும் கேள். முதல் வீட்டில் முதலில் இருந்தது ஒரு குடும்பமாகத்தான் இருக்க முடியும். அது எது என்று எனக்கு வேண்டும்.

படித்துக் காட்டும்போது அம்மா கண்ணை மூடிக்கொண்டு விரலை மடக்கி மடக்கி ஏதோ செய்துகொண்டிருந்தாள். தூங்கிவிட்டாளா என்று பார்த்தால், "வாசக்கதவு கீல் துருப்பிடிச்சிருக்கான்னு கேளு. திருகாணிக்கு எண்ணெய் விடச் சொல்லு" என்றாள். வரலாற்றுக்கும் கீலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "நீ எழுதுடி" என்றாள். எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


ஏப்ரல் 17

அக்காவுக்கு,

சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். தாமதத்துக்குக் கோபிக்காதே. இங்கே கொஞ்சம் வேலை.

மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையேதான் சொல்கிறார்கள். அக்கா, ஒரு காரியம் செய். ஆறு பேர் சொன்னதையும் அப்படியே போட்டுவிடு. யாரும் பொய் சொல்லவில்லை. காரணத்தை நேரில் சொல்கிறேன்.

மேஸ்திரியும் இப்போது பம்ப் அறையில்தான். வலைக்காரருக்குத் துணையாக இருக்கட்டும் என்று போயிருக்கிறார். அவரிடம் விளக்கமாகக் கேட்டதற்கு, "மூணாம் வீட்டுக்காரனே, உனக்குத் தெரியாததா? எழுதுறவங்களுக்குச் சொல்லு" என்று எரிந்து விழுந்தார். பாவம், வயதாகிவிட்டது.

கீலுக்கு எண்ணெய் விட்டேன் என்று அம்மாவிடம் சொல்.

தம்பி


ஏப்ரல் 29

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா சுகம். எனக்குத் தலைவலி. காரணம் உனக்கே தெரியும்.

"நேரில் சொல்கிறேன்" என்பதை அடிக்குறிப்பாகப் போட முடியாது. ஒன்றரை மாதம் எடுத்துக்கொண்டு நீ அனுப்பியது ஏழெட்டு வரி. அதில் நாம் மூணாம் வீடாகிவிட்டோம்! போன தடவை நாலு, இந்தத் தடவை மூணு. மேஸ்திரிக்கு வயதாகிவிட்டது, உனக்கு என்ன ஆனது? கோபத்தில் தாளைக் கிழிக்கப் போனேன். அம்மாதான் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

மழைக்கு முன்னால் கல் வர வேண்டுமென்றால் இனியும் பொறுக்க முடியாது. அதனால் நானே முடிவு செய்துவிட்டேன். தெப்பம் சொருகியது முதலில், அதனால் தெப்ப மேஸ்திரி குடும்பம் முதல் வீடு. சமையல்காரர், காவல்காரர், மற்றவர்கள் பிற்பாடு வந்து சேர்ந்தவர்கள். நாம் ஐந்தாவது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வீட்டு எண் ஓர் இடத்தில்கூடப் பிசகாமல் பார்த்திருக்கிறேன். நாற்பது பக்கம், தைத்த அட்டை. நம் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்குக்கூட இவ்வளவு கவனம் எடுத்ததில்லை. பார்சல் இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே வருகிறது. கையெழுத்து வாங்கி உடனே கொடுத்துவிடு.

அன்புடன்,
அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

நான் சுகம். நீ சுகமாக இருக்கும்போது இதைப் படி.

பார்சல் வந்தது. அழகான புத்தகம். பட்டறையில் எல்லாரையும் கூட்டிப் பிரித்தேன். மேஸ்திரி தன் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை உரக்கப் படித்தார். அதோடு புத்தகத்தை மூடியிருக்கலாம். "பிற்பாடு வந்து சேர்ந்தவர்" என்ற இடத்தை ரேடியோ அக்கா கண்டுபிடித்துவிட்டாள். "எங்க தாத்தா வெளக்கைப் புடிச்சிக்கிட்டு ராத்திரியெல்லாம் தண்ணியைப் பாத்துக்கிட்டு நின்னவரு. உங்கக்கா ஒரு வரியில அவரை விருந்தாளி ஆக்கிட்டாளே!" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. ரேடியோ ஓய்ந்துவிட்டது என்று ஊரே சிரிக்கலாம், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேஸ்திரியைத் தவிர யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஒவ்வொருவர் காலிலும் விழாத குறை. தையல்காரர் மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தார். "முதல் வீட்டுல இருக்கிறவன் நான். எனக்கில்லாத அவசரமா உனக்கு? புத்தகம் சரியில்லப்பா" என்றார். கடைசியில் நானும் மேஸ்திரியும் போட்ட கையெழுத்தோடு கொடுத்துவிட்டு வந்தேன். வாங்கிக்கொண்டவர் புத்தகத்தை முகர்ந்து பார்த்து, "நல்ல காகிதம்" என்றார்.

இனிமேல் கடிதங்களைப் பட்டறை முகவரிக்குப் போடு. தபால்காரருக்கு அது சுலபம்.

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

அம்மா ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாள். நீ எப்படி இருக்கிறாய் என்று உண்மையாகவே கேட்கிறேன்.

வேலையெல்லாம் முடித்து வந்து, கண் எரிய எரிய உட்கார்ந்து செய்த புத்தகம் அது. ஊருக்காகச் செய்தது. அதற்கு இரண்டு கையெழுத்து! யார் தாத்தா பெரியவர் என்று இவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கட்டும், ஆறு காத்துக்கொண்டிருக்குமா? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்னொன்று. தையல்காரர் எப்போது முதல் வீட்டுக்குக் குடிபோனார்? அவர் நமக்குப் பக்கத்து வீடல்லவா, நாலாம் வீடு? வலைக்காரர் வீட்டை வாங்கிவிட்டாரா? அவருக்கு ஏது அவ்வளவு வசதி? நம் வீட்டை வாசலிலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. அம்மாவின் கட்டிலுக்கு மேலே மாட்டி வைக்கிறேன், தினமும் கேட்பதாவது குறையும். போன வருடமே கேட்டேன், நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதுவதில்லை.

படம் வேண்டாம் என்கிறாள் அம்மா இப்போது. "அவனைப் போட்டுக் குடையாதே. விளக்குக்கு எண்ணெய் வாங்கி வச்சிருக்கானான்னு மட்டும் கேளு" என்கிறாள். விளக்கு வைப்பது முதல் வீட்டுக்காரர் வேலை, அவனுக்கு எதற்கு என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்கு ஞாபகம் தடுமாறுகிறதோ என்று பயமாக இருக்கிறது.

உடனே பதில் எழுது.
அக்கா


செப்டம்பர் 14

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு இத்தனை நாளாகிவிட்டது. நலமாக இருந்தால் அதையாவது ஓர் அட்டையில் எழுதிப் போட உனக்கு என்ன கேடு?

இங்கே மழை பிடித்துவிட்டது. அங்கேயும் பிடித்திருக்கும். அலுவலகம் என்ன சொன்னது? ஆள் வந்து பார்த்தார்களா? தெரியாமல் எனக்கு வேலை ஓடவில்லை. நேற்று ஒரு பாடப்புத்தகத்தில் ஆறாம் அத்தியாயத்துக்குப் பிறகு எட்டாம் அத்தியாயம் வந்துவிட்டது, நானே விட்டுவிட்டேன். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா எதுவும் கேட்பதில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்தாம் வீட்டுக்கு எப்போது போகிறோம் என்ற கேள்வி நின்றுபோய் ஒரு மாதமாகிறது.

அக்கா


அக்டோபர் 6

அக்காவுக்கு,

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. நான் கோபமாக எழுதுகிறேன், நீயும் கோபமாகவே படி.

நம் வீடு இல்லை, அக்கா. போன வாரம் போய்விட்டது. கூடம் முதலில், பிறகு அம்மாவின் அறை. நான் பட்டறையில் படகுக்கு அடியில் படுத்துக்கொள்கிறேன்.

ஜனவரியிலேயே வலைக்காரர் வீடு போய்விட்டது. பங்குனி வெயிலிலும் ஆறு சும்மா இருக்கவில்லை, அடியில் அரித்து மேஸ்திரி வீட்டைத் தள்ளியது. அடுத்து ரேடியோ அக்காவுடையது. அடுத்து தையல்காரருடையது. ஒவ்வொரு வீடு போகும்போதும் நாம் தண்ணீருக்கு ஒரு வீடு நெருக்கமானோம். நாலாம் வீடு, மூணாம் வீடு, இரண்டாம் வீடு, முதல் வீடு. ஒருவரும் எண் தப்பிச் சொல்லவில்லை. நீதான் திருத்தித் திருத்தி எங்களை ஐந்தாம் வீட்டிலேயே உட்காரவைத்தாய்.

ஆறு குடும்பமும் முதல் வீட்டில் இருந்தது எப்படி என்று கேட்டாயே. முன்பெல்லாம் இப்படித்தான் நடந்திருக்கிறது. தண்ணீருக்குப் பக்கத்து வீட்டுக்காரன் விளக்கு வைத்து, தண்ணீர் ஏறினால் குரல் கொடுக்க வேண்டும். அவன் வீடு போனால் எல்லாரும் சேர்ந்து அவன் கதவையும் உத்தரத்தையும் தூக்கிக்கொண்டு மேல்கோடிக்குப் போய் நட்டுக் கொடுப்பார்கள். அவன் கடைசி வீடாகிவிடுவான். அப்படியே எல்லார் தாத்தாவும் ஒருவர் பின் ஒருவராக முதல் வீட்டில் இருந்திருக்கிறார்கள். ஊரே தவழ்ந்து தவழ்ந்து மேலே வந்திருக்கிறது. இதுதான் நம் வரலாறு, வேறொன்றும் இல்லை. ஏப்ரலில் இதை எழுதியிருந்தால் இப்போதும் அதே நடக்கிறதா என்று நீ கேட்டிருப்பாய். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். அதனால்தான் நேரில் சொல்கிறேன் என்றேன்.

இப்போது மேல்கோடியில் இடம் இல்லை. பாலத்துக்குக் கல் கொட்டி வைக்கிறோம் என்று கம்பி வேலி போட்டார்கள். பாலம் கட்டி முடித்துவிட்டார்கள், வேலியைப் பிடுங்கவில்லை. வீடு போனவர்கள் எல்லாரும் பம்ப் அறையில் ஒருவர் மேல் ஒருவர் கிடக்கிறார்கள். மேஸ்திரிக்கும் ரேடியோ அக்காவுக்கும் நடுவில் ஒரு சேலைதான் சுவர்.

ஆகஸ்டில் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி உன் புத்தகத்தோடு வந்தார். தண்ணீரிலிருந்து எண்ணினார். "புக்குல நீங்க அஞ்சாவது வீடு. இங்க முதலாவதா நிக்குது. முதல் வீட்டு மேஸ்திரி எங்க?" பம்ப் அறையில் என்றேன். "நாலு வீடு எங்க போச்சு?" ஆற்றைக் காட்டினேன். அவர் நான் ஏதோ கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். விவரங்கள் பொருந்தவில்லை, கையொப்பங்கள் போதவில்லை என்று எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். நான் ஜீப் பின்னால் ஓடினேன், அக்கா. சேற்றில் செருப்பு போனதுதான் மிச்சம்.

உன்மேல் கோபமா, அந்த ஆள்மேல் கோபமா, என்மேலா என்று தெரியவில்லை. வரைபடத்தில் நாம் தண்ணீர். வரைபடம் ஜெயித்துவிட்டது.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று நீயே யோசி. எனக்கு மூளை ஓடவில்லை.

தம்பி


அக்டோபர் 18

டேய்,

நான்தான். இவ எழுதுறா. சொன்னதைச் சொன்னபடி எழுதலேன்னா பேனாவை ஒடிச்சிருவேன்னு சொல்லியிருக்கேன்.

உன் கடுதாசியை இவ எனக்குப் படிக்கல. மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு அடுப்பங்கரைக்குப் போனா. மூஞ்சியைப் பாத்தேன். "முதல் வீடும் போயிருச்சா?"ன்னு கேட்டேன். அப்படியே தரையில உக்காந்துட்டா.

நாலாம் வீட்டுத் தம்பின்னு அந்த ரேடியோ கூப்பிட்டதா இவ படிச்சப்பவே ஒரு வீடு போச்சுன்னு எனக்குத் தெரியும்டா. ஒவ்வொரு கடுதாசிக்கும் ஒரு விரல மடக்குனேன். நான் கல்யாணமாகி வந்தப்ப அது ஒம்பதாம் வீடு. ஒம்பதாம் வீட்டு மருமகள்னுதான் என்னைக் கூப்பிடுவாங்க. இவ பொறக்கிறதுக்குள்ள அஞ்சு. அப்புறம் தண்ணிக்கு வேற பக்கம் வேலை வந்து நம்மள விட்டுருச்சு. அதனால இவளுக்கு அஞ்சுங்கிறது கல்லுல வெட்டுனதுன்னு நினைப்பு. முதல் வீடுங்கிறது பெருமைடா, இல்லேங்கல. ஆனா அது யாருக்கும் சொந்தமில்ல, முறை வர்றப்ப வரும்.

எனக்கு அதிர்ச்சியாகும்னு நீ மறைச்சே. மறைக்கிற புள்ளையக் கேட்டுக் கஷ்டப்படுத்த வேணாம்னு நான் வாய மூடிக்கிட்டேன். நடுவுல இவ ஒருத்தி சிவப்பு மையை வச்சுக்கிட்டு ஊரோட சண்டை போட்டா. மூணு பேரும் நல்லா இருந்தோம் போ.

விளக்குக்கு எண்ணெய் வாங்குனியா? நம்ம முறையில விளக்கு ஒரு நாளாவது அணைஞ்சிருந்தா நான் அந்த ரேடியோ மூஞ்சில முழிக்க முடியாது. கீலைப் பத்தி நான் எதுக்குக் கேட்டேன்னு இப்பவாவது புரிஞ்சுதா? கதவு இருக்கா? அத மட்டும் சொல்லு.

அம்மா

தம்பி, மேலே உள்ளதில் நான் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. கை துறுதுறுத்தது, தொடவில்லை. முதலாளியிடம் மறுபடி காகிதம் கேட்டிருக்கிறேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தார். ஆறு பேர் சொன்னதையும் அவர்கள் வாயால் சொன்னபடியே போடுகிறேன். முதல் வீடு எங்களோடது, முதல் வீடு எங்களோடது என்று ஆறு தடவையும் வரட்டும். ரேடியோ அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். இல்லை, சொல்லாதே, நானே வந்து கேட்கிறேன்.

நீ அந்தப் படகுக்கு அடியில் ஈரத்தில் படுக்காதே.
அக்கா


டிசம்பர் 2

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

நான் சுகம், இந்தத் தடவை நிஜமாகவே. இருமல் மட்டும் பழைய ஆள், போகமாட்டேன் என்கிறது.

புதுப் புத்தகம் வந்தது. ஆறு குடும்பமும் கையெழுத்துப் போட்டுவிட்டது. ரேடியோ அக்கா தன் தாத்தா பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, மேஸ்திரியின் தாத்தா பக்கத்தில் ஒரு திருத்தம் சொன்னாள். இனிமேல் திருத்தமே கிடையாது என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அலுவலகத்தில் கொடுத்தேன். அதே ஆள் வாங்கி, அதேபோல முகர்ந்து பார்த்தார். பரிசீலனையில் இருக்கிறதாம். இந்த வருடத்துக் கல் எல்லாம் ஒதுக்கியாகிவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். எங்கே ஒதுக்கினீர்கள் என்று கேட்டேன். பாலத்தின் அந்தப் பக்கம் பூங்கா வருகிறதாம், உட்காருவதற்குக் கரை கட்டுகிறார்களாம். எனக்கு அவர் மேசையைக் கவிழ்க்க வேண்டும்போல இருந்தது. கவிழ்க்கவில்லை. வெளியே வந்து ஒரு சைக்கிளை உதைத்தேன். அது பம்ப் ஆபரேட்டருடையது என்று பிறகுதான் தெரிந்தது. சுவர் வரவில்லை, அம்மா. வரும் என்று நான் இனி எழுத மாட்டேன்.

திரும்பும் வழியிலேயே, மேல்கோடியில் அந்தக் கம்பி வேலிக்குள் இருக்கும் இடம் யாருடையது என்று விசாரித்தேன். இந்தக் கரை நகராட்சி தன்னுடையது இல்லை என்றது. அந்தக் கரையும் இல்லை என்றது. இரண்டு பேரிடமும் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு வந்தேன். நம்மைத் துரத்தத் தகுதியான ஆள் உலகத்திலேயே கிடையாது என்று தையல்காரர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் எல்லாரும் சேர்ந்து வேலியைப் பிடுங்கினோம்.

கதவு இருக்கிறது, அம்மா. நீ கேட்டாயே என்று மாதாமாதம் திருகாணிக்கு எண்ணெய் விட்டு வந்தேன். கூடம் சரியும்போது நிலையோடு கழன்று வந்தது, பம்ப் ஆபரேட்டரும் நானும் தூக்கிவிட்டோம். வேறு எதையும் எடுக்க முடியவில்லை. வலைக்காரர், மேஸ்திரி, ரேடியோ அக்கா, தையல்காரர் என்று போன வரிசையிலேயே கதவுகளை நட்டு வந்தோம். நேற்று நம் முறை. ஆறு குடும்பமும் பிடித்துத் தூக்கியது. மேஸ்திரி தூக்கவில்லை, சத்தம் மட்டும் போட்டார். இப்போதைக்கு நிலையும் கதவும்தான் இருக்கின்றன, சுற்றிப் பலகை அடிக்க வேண்டும். மேலே தார்ப்பாய் கட்டியிருக்கிறேன். அம்மாவின் கட்டில் போட இடம் அளந்து வைத்துவிட்டேன்.

விளக்கு நம் முறையில் ஒரு நாளும் அணையவில்லை. வீடு போன அன்றே பம்ப் ஆபரேட்டர் வீட்டு வாசலுக்கு மாற்றிவிட்டோம். அவன் இப்போது இரவெல்லாம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு எல்லாரையும் திட்டிக்கொண்டிருக்கிறான்.

இன்று காலை திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தேன். ரேடியோ அக்கா வாசலில் வந்து நின்றாள். இத்தனை மாதத்துக்குப் பிறகு அவளாக வந்து கூப்பிட்டாள்.

"கடைசி வீட்டுத் தம்பி, அம்மா எப்ப வர்றாங்க?"

என்ன சொல்லட்டும்?

தம்பி